கெர்க்குக்கு ஒரு நூற்றாண்டு முன்: 'என்டர்பிரைஸ்' பழைய கதையோடு ஒட்டுகிறதா?

நெடும்பயணி:

'ஸ்டார் டிரெக்: என்டர்பிரைஸ்' தொடரை முதலிலிருந்து கடைசி வரை இன்னொரு முறை பார்த்து முடித்தேன். 1966-இல் வந்த முதல் 'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் கெர்க்குக்கு ஒரு நூற்றாண்டு முன் நடக்கும் முன்கதை இது. நான்கு சீசன், 98 எபிசோட். 2001 செப்டம்பரில் இது ஆரம்பித்த நாளிலிருந்தே "பழைய தொடரோடு ஒட்டவில்லை" என்ற குறை கூடவே வந்தது. 2005 மே மாதம் முடிந்தபோதும் அதே பேச்சுதான். ஒட்டாத இடங்கள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை எனக்குப் பட்டது வேறு: தொடரின் நல்ல கதைகளில் பாதிக்கு மேல் அந்த ஒட்டாத இடங்களிலிருந்துதான் பிறந்திருக்கின்றன.

வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வல்கன் தந்தைக்கும் மனிதத் தாய்க்கும் பிறந்தவர், கெர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக். அவரைப் பார்த்து வளர்ந்த நமக்கு வல்கன் என்றால் நிதானம், நேர்மை, தர்க்கம். இந்தத் தொடரின் வல்கன்களோ மனிதர்களை மட்டம் தட்டுகிறார்கள், தகவலை மறைக்கிறார்கள், பொய்யும் சொல்கிறார்கள். முதல் சீசனில் வரும் 'தி அண்டோரியன் இன்சிடென்ட்' நினைவிருக்கிறதா? பிஜெம் மடாலயம் வெறும் வழிபாட்டுத் தலம் என்று சாதிக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் அதன் அடியில், தங்கள் எதிரி இனமான அண்டோரியன்களை வேவு பார்க்கும் நிலையம். அந்த ஆதாரத்தை, மனிதர்களின் கலத்தில் பணியாற்றும் வல்கனான டிபோலே அண்டோரியன் தளபதி ஷ்ரானிடம் ஒப்படைக்கும் காட்சியை இப்போது பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. ஒருவர் மனதை இன்னொருவர் மனதோடு சேர்க்கும் மன இணைப்பையும் இந்தக் காலத்து வல்கன்கள் ஏதோ தீட்டுப் போல ஒதுக்குகிறார்கள். ஸ்பாக் சர்வசாதாரணமாகச் செய்தது அது! அன்றைக்கு ரசிகர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை.

நான்காம் சீசனில் தொடரை நடத்தும் பொறுப்பை ஏற்றதும் மேனி கோட்டோ என்ன செய்தார்? அந்தக் கோபத்தையே கதையாக்கினார். 'தி ஃபோர்ஜ்', 'அவேகனிங்', 'கிர்ஷாரா' என்று மூன்று எபிசோட். வல்கன் சமூகம் தன் தர்க்க நெறியின் ஆசான் சுராக்கின் போதனையிலிருந்து வழி தவறிப் போயிருக்கிறது. ஆட்சித் தலைமையில் இருக்கும் வீலாஸ், வல்கன்களிலிருந்து எப்போதோ பிரிந்துபோன எதிரி இனமான ரோமுலன்களோடு ரகசியமாகக் கைகோத்திருக்கிறான். சுராக்கின் மூல எழுத்துகள் கிடைத்ததும் அந்த ஆட்சி கவிழ்கிறது. 1967-இல் 'அமோக் டைம்' எபிசோடில் முதிய பெண்மணியாக நாம் பார்த்த டிபாவ், இங்கே இளம் பெண்ணாக அந்த மாற்றத்தின் நடுவில் நிற்கிறாள். மூன்று சீசனாகப் பிழை என்று நினைத்தது ஒரு சமூகத்தின் வரலாறாக மாறிவிட்டது.

முன்கதை எழுதுகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். உங்கள் கருத்து என்ன?


பழைய கலம்:

வல்கன் கதையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பின்னால் வந்த ஒருவர் முன்னால் இருந்தவர்களின் குழப்பத்தைச் சரிசெய்த கதை. முதல் நாளிலிருந்தே திட்டம் போட்டு எழுதியதுபோல அதைச் சொல்ல முடியாது.

எனக்கு ஆறாத விஷயம் ரோமுலன்கள். 1966 டிசம்பரில் வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' என் மனதில் இன்னும் முதல் இடத்தில் இருக்கும் எபிசோட். அதில் ஸ்பாக் தெளிவாகச் சொல்கிறார்: ரோமுலன்களோடு நடந்த போருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது, பழமையான கலங்களில் அணு ஆயுதங்களோடு நடந்தது, கைதிகள் கிடையாது, முகம் பார்த்துப் பேசும் வசதியும் கிடையாது. அதனால் எந்த மனிதனும் ரோமுலனைப் பார்த்ததில்லை. அந்த எபிசோடின் உயிரே அதில்தான் இருக்கிறது. திரையில் ரோமுலன் தளபதியின் முகம் தெரிந்ததும் கப்பலில் இருக்கும் எல்லோரும் ஸ்பாக்கைத் திரும்பிப் பார்க்கிறார்களே, அந்தப் பார்வைக்கு விலை இந்த அறியாமைதான்.

இனி என்டர்பிரைஸுக்கு வாருங்கள். இந்தத் தொடரின் என்எக்ஸ்-01 கலத்தில் முதல் எபிசோடிலேயே பெரிய திரை, பளிச்சென்ற படம். இரண்டாம் சீசன் 'மைன்ஃபீல்ட்' எபிசோடில் ரோமுலன் கலங்கள் கண் முன்னே தோன்றி மறைகின்றன. கெர்க் காலத்தில் கலத்தை மறைப்பது ஏதோ புது விஷயம் மாதிரி ஸ்பாக் விளக்குகிறாரே, என்எக்ஸ்-01 கேப்டன் ஆர்ச்சர் எழுதிய அறிக்கையை யாரும் படிக்கவில்லையா? இந்தத் தொடரின் இன்னொரு எதிரி இனமான சுலிபன்களிடமும் அதே வித்தை இருக்கிறது. இது சின்னப் பிசகு இல்லை.


நெடும்பயணி:

'மைன்ஃபீல்ட்' விஷயத்தில் உங்களோடு சண்டை போட என்னிடம் எதுவும் இல்லை. மறையும் கலம் அந்தக் கதைக்குத் தேவையே இல்லை. கண்ணிவெடி மறைந்திருந்தாலே போதும். ஆயுத அதிகாரி ரீட் கலத்தின் வெளிப்புறத்தில் குத்துப்பட்டு மாட்டிக்கொண்டு கிடக்க, ஆர்ச்சர் பக்கத்தில் உட்கார்ந்து வெடியைப் பிரிக்கிறாரே, கதையே அந்த இருவர்தான்.

ஆனால் முகம் பார்க்காத விஷயத்தை அவர்கள் மதித்தே நடந்தார்கள். 'மைன்ஃபீல்ட்' எபிசோடில் ரோமுலன் குரல் மட்டும்தான் கேட்கிறது. நான்காம் சீசனில் 'பேபல் ஒன்', 'யுனைடெட்', 'தி ஏனார்' என்று மூன்று எபிசோடாக வரும் கதையில் எதிரிக் கலத்துக்குள்ளேயே பொறியாளர் டிரிப்பும் ரீடும் ஏறிப் பார்க்கிறார்கள். ஓட்டுநர் இருக்கை காலி. எங்கோ தொலைவிலிருந்து இயக்கப்படும் ஆளில்லாக் கலம் அது. நமக்குத் திரையில் ரோமுலன் முகம் தெரிகிறது, கதைக்குள் இருக்கும் மனிதர் யாருக்கும் தெரியவில்லை. 1966-இல் எழுதிய ஒரு வசனத்தைக் காப்பாற்ற இவ்வளவு தூரம் யோசித்தவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வல்கனும் அண்டோரியனும் டெல்லரைட்டும் மனிதனோடு முதன்முதலாகக் கைகோப்பதும் அந்த ஆளில்லாக் கலத்தைத் தேடும்போதுதான். பின்னால் இந்த இனங்கள் சேர்ந்து அமைக்கும் கூட்டமைப்பின் விதை அங்கேதான் விழுகிறது.


மாலைத்தும்பி:

நீங்க ரெண்டு பேரும் ரோமுலன்லயே நிக்கிறீங்க. எனக்குக் காசு ஆசை பிடிச்ச ஃபெரெங்கி இனம்தான் உறுத்தல். முதல் சீசன்ல 'அக்விசிஷன்'னு ஒரு எபிசோட். எல்லாரும் மயங்கிக் கிடக்க, ஃபெரெங்கிகள் கலத்துல ஏறிக் கொள்ளையடிக்கிறாங்க. கெர்க்குக்கு ரொம்ப அப்புறம் வர்ற கேப்டன் பிக்கார்ட் காலத்துல, அதாவது 1987-ல வந்த 'தி லாஸ்ட் அவுட்போஸ்ட்'லதான் முதன்முதலா ஃபெரெங்கியை நேருக்கு நேர் பாக்கறாங்க. அப்புறம் எப்படி? "ஃபெரெங்கி"ங்கிற பேரை ஒரு தடவைகூட உச்சரிக்காம எபிசோடை முடிச்சுட்டாங்க, அதனால சரியாப் போச்சுன்னு சொல்றாங்க. பேரைச் சொல்லலைன்னா பாக்கலைன்னு ஆயிடுமா? இது சப்பைக்கட்டுதான். அந்தக் கதைக்கு ஃபெரெங்கிதான் வேணும்னு இல்லை. புதுசா ஒரு கொள்ளைக் கூட்டத்தைப் படைச்சிருந்தா யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க.

அதே மாதிரி 'ரீஜெனரேஷன்'ல, உயிர்களைப் பிடிச்சுப் பாதி இயந்திரமா மாத்தற போர்க். 1989-ல 'க்யூ ஹூ' எபிசோட்ல பிக்கார்ட் போர்க்கைப் பாத்து அதிர்ந்ததுக்கு என்ன மரியாதை? இருநூறு வருஷம் முன்னாடியே ஆர்ச்சர் சண்டை போட்டுட்டாராம்.


துருவமீன்:

போர்க் விஷயத்தில் நான் நேர் எதிர்ப்பக்கம். 'ரீஜெனரேஷன்' இரண்டாம் சீசனின் மிகச் சிறந்த எபிசோட் என்பது என் துணிபு.

ஏன் என்றால், அது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய கதை இல்லை. 1996-இல் வந்த 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' படத்தில் போர்க் கலம் காலத்தில் பின்னோக்கிப் போய், 2063-இல் பூமிக்கு மேலே வெடித்துச் சிதறுகிறது. சிதறியது எங்கே விழுந்தது என்று அந்தப் படம் கேட்கவில்லை. இந்த எபிசோட் கேட்கிறது. ஆர்க்டிக் பனிக்கு அடியில் ஆய்வாளர்கள் தோண்டியெடுக்கிறார்கள். "போர்க்" என்ற பெயரும் இங்கே உச்சரிக்கப்படுவதில்லை. ஆனால் ஃபெரெங்கி கதைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பயம் துளிகூடக் குறையவில்லை. மருத்துவர் ஃபிளாக்ஸ் தன் உடம்புக்குள் ஏறிக்கொண்டிருக்கும் அந்த நுண்ணியந்திரங்களைத் தானே ஆராய்ந்து, தன்னையே கதிர்வீச்சில் வாட்டிக்கொண்டு மீள்கிற காட்சியைப் பாருங்கள்.

முடிவு இன்னும் அருமை. அழிவதற்கு முன் போர்க் ஒரு சமிக்ஞை அனுப்பிவிடுகிறது. அது போர்க்கின் இருப்பிடமான டெல்டா பகுதிக்குப் போய்ச் சேர இருநூறு ஆண்டாவது ஆகும் என்கிறாள் டிபோல். கதை நடப்பது 2153-இல். கூட்டிப் பார்த்தால் பிக்கார்டின் காலம் வருகிறது. பிக்கார்டின் பூமியை நோக்கி போர்க் வந்ததற்கே இந்தச் சமிக்ஞை ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பிக்கார்ட் காலத்தில் பின்னோக்கிப் போனதால் விழுந்த சிதறல், பிக்கார்ட் காலத்துக்கே போர்க்கை அழைக்கிறது. அந்த வட்டம் மூடும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.


மாலைத்தும்பி:

அந்த இருநூறு வருஷக் கணக்கை நான் கவனிக்கவே இல்லை துருவமீன். கதையா அது நல்லா இருக்குன்னு ஒத்துக்கறேன். ஆனாலும் ஒரு கேள்வி நிக்குது. ஃபிளாக்ஸ் கண்டுபிடிச்ச சிகிச்சை முறை என்ன ஆச்சு? விண்கலப் படையான ஸ்டார்ஃப்ளீட்டோட மருத்துவப் பதிவுல இருந்திருந்தா பிக்கார்ட் காலத்துல எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கலாம்! இந்தக் கேள்விக்கு யாராவது பதில் வச்சிருந்தா சொல்லுங்க, உண்மையாவே கேக்கறேன்.


துருவமீன்:

திரையில் பதில் இல்லை. இருநூறு ஆண்டில் போர்க் தன்னை மாற்றிக்கொண்டே வந்திருக்கும், பழைய மருந்து வேலை செய்திருக்காது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தன்னை மாற்றிக்கொள்வதுதானே அதன் அடிப்படைக் குணம்.


கல்வெட்டு:

போர்வீர இனமான கிளிங்கான்களின் நெற்றியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே!

அறுபதுகளில் ஒப்பனைக்குப் பணமில்லை, கிளிங்கான்கள் மனிதர் மாதிரியே இருந்தார்கள். 1979 படத்தில் நெற்றி மேடுகள் வந்தன. இதைக் கதைக்குள் யாரும் தொடாமலிருந்தார்கள். 1996-இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' குழு கெர்க்கின் காலத்துக்குப் போகும் எபிசோடில் சக வீரர்கள் தங்களோடு இருக்கும் கிளிங்கான் வொர்ஃபிடம் இதைக் கேட்கிறார்கள். அதைப் பற்றி வெளியாட்களிடம் பேசுவதில்லை என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார். என்னைக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றிருக்க வேண்டும். அந்த ஒரு வரியில் ஓர் இனத்தின் மானம், வெட்கம் எல்லாம் இருந்தது.

என்டர்பிரைஸ் 2005-இல் 'அஃப்ளிக்‌ஷன்', 'டைவர்ஜென்ஸ்' என்று இரண்டு எபிசோட் போட்டு அதை விளக்கியது. மரபணு மேம்பட்ட மனிதக் கருக்களை வைத்துக் கிளிங்கான்கள் தங்கள் வீரர்களை வலுப்படுத்தப் பார்க்கிறார்கள், அது கொள்ளைநோயாக மாறுகிறது, ஃபிளாக்ஸ் தரும் மருந்து உயிரைக் காப்பாற்றுகிறது, நெற்றி மட்டும் மழுங்கிவிடுகிறது. கணக்கு நேராகிறது. ஆனால் ஒப்பனை வசதி இல்லாததால் வந்த ஒரு வேறுபாட்டுக்கு இவ்வளவு பெரிய மருத்துவக் காரணம் வேண்டுமா? எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டால் நாம் கற்பனை செய்ய என்ன மிஞ்சும்?


நெடும்பயணி:

கல்வெட்டு சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் வொர்ஃபின் அந்த வரிக்கு இப்போது கனம் கூடியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. முன்பு அது ஏதோ ரகசியம். இப்போது பார்த்தால், போர்வீரர்கள் என்று மார்தட்டும் ஓர் இனம் மனித மரபணுவைத் திருடிப் பலம் தேடி, அதன் தண்டனையை முகத்திலேயே சுமந்தது. வொர்ஃப் ஏன் வாயைத் திறக்க மாட்டார் என்று புரிகிறது. அந்த இரண்டு எபிசோடில் வரும் கிளிங்கான் மருத்துவர் அந்தாக் பாத்திரத்தையும் பாருங்கள். தன் இனத்துக்குள்ளேயே மதிப்பில்லாத மருத்துவத் தொழிலைச் செய்யும் ஒரு கிளிங்கானை நாம் அதற்கு முன் எங்கே பார்த்தோம்?


புதுவரவு:

வணக்கம். நான் இந்தக் கதை உலகத்துக்குள் வந்தது 2022-இல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வோர்ல்ட்ஸ்' வழியாக. பிறகுதான் பழையவற்றைப் பார்த்தேன். அதனால் என் கோணம் தலைகீழ். 1967-இல் வந்த 'அரீனா' எபிசோடில் பல்லி போன்ற கார்ன் இனம் யாரென்றே கெர்க்குக்குத் தெரியவில்லை. எனக்கோ அதற்கு முன்பே, கெர்க்குக்கு முந்தைய கேப்டன் பைக்கின் குழு போன ஒரு விழுந்து கிடந்த கலத்தில் கார்ன் குஞ்சுகள் வெறியாட்டம் போட்டதும், பொறியாளர் ஹெம்மர் செத்ததும் தெரியும். பின்னால் கெர்க்கின் கலத்திலும் பணியாற்றும் ஸ்பாக்கும் உஹுராவும் அங்கே இருந்தார்கள். 'அரீனா' பார்க்கும்போது ஸ்பாக் ஏன் வாய் திறக்கவில்லை என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கதையில் மனம் ஒன்றவில்லை. கடைசியில் கெர்க் கார்னைக் கொல்லாமல் விடும் இடமும் எனக்கு முழுதாக வேலை செய்யவில்லை, ஏனென்றால் அந்தக் குஞ்சுகள் நினைவுக்கு வந்தன. பழைய கதையை முன்கதை கெடுக்க முடியும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மூத்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?


பழைய கலம்:

புதுவரவு, நீங்கள் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. நாங்கள் பழையதை முதலில் பார்த்தவர்கள். முன்கதை எப்படி இருந்தாலும் எங்கள் பழைய எபிசோட் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. கதை நடந்த வரிசையில் பார்க்க வருகிற உங்களுக்குத்தான் இழப்பு. 'அரீனா'வில் கெர்க் தன் எதிரியைப் புரிந்துகொள்வதற்கு முதல் படியே, நாம்தான் அவர்கள் எல்லைக்குள் போய்விட்டோமோ என்ற சந்தேகம். கார்ன் வெறும் கொலைவெறி மிருகம் என்று முன்பே காட்டிவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமேது?

தேதி பிசகுவது, கருவி பிசகுவது எல்லாம் எனக்கு இப்போது சின்னதாகத் தெரிகிறது. 'மைன்ஃபீல்ட்' பற்றி மேலே நான் எழுதியதையும் இந்த அளவுகோலில் மறுபடி யோசிக்கிறேன். ரோமுலன் முகத்தைக் காட்டாமல் விட்டதால், ஸ்பாக்கைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அந்த வரைக்கும் நெடும்பயணி சொன்னது சரி.

கெர்க்குக்குச் சற்று முன் நடக்கும் 'டிஸ்கவரி' தொடரை மட்டும் என்னால் அப்படி மன்னிக்க முடியவில்லை. ஸ்பாக்குக்கு ஒரு வளர்ப்புச் சகோதரி, நொடியில் எங்கும் போகும் வித்துப்பொடி எந்திரம். 2019-இல் இரண்டாம் சீசன் முடிவில் கலத்தைத் தொலைதூர எதிர்காலத்துக்கு அனுப்பிவிட்டு, இனி அந்தக் கலத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது, பேசினால் தேசத்துரோகம் என்று முடிவெடுக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.


துருவமீன்:

அதே 'டிஸ்கவரி'தான் பைக்கையும் நமக்குத் திருப்பிக் கொடுத்தது, அதையும் சொல்லுங்கள். 1966-இல் 'தி மெனாஜரி'யில் முகம் வெந்து, சக்கர நாற்காலியில், ஒரு விளக்கின் மினுக்கலால் ஆம், இல்லை மட்டும் சொல்லக்கூடிய பைக்கைப் பார்த்தோம். அந்த முடிவை யாராலும் மாற்ற முடியாது. மற்ற முன்கதைகள் எல்லாம் முடிவை நாயகனிடமிருந்து ஒளிக்கும். இங்கே பைக்குக்கே அதைக் காட்டிவிட்டார்கள். எடுத்தால் அந்த விதி உறுதியாகிவிடும் என்று தெரிந்தும் அவர் ஒரு காலப் படிகத்தை எடுத்துக்கொள்கிறார்.

2022-இல் வந்த 'எ குவாலிட்டி ஆஃப் மெர்சி' பாருங்கள். தன் விதியிலிருந்தும், அந்த விபத்தில் சாகப்போகும் பிள்ளைகளின் விதியிலிருந்தும் தப்ப வழி தேடுகிறார். தப்பினால் என்ன ஆகும் என்று காட்டப்படுகிறது: பழைய கலம் உயிராக நினைக்கும் 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' நிகழ்ச்சியில் கெர்க்கின் இருக்கையில் பைக் இருக்கிறார். அவருடைய நிதானமும் இரக்கமுமே பெரும் போருக்கு வழி திறந்துவிடுகின்றன, ஸ்பாக் உருக்குலைகிறான். பார்த்துவிட்டுத் தன் விதியை ஏற்றுக்கொள்கிறார். பழைய எபிசோடின் ஒரு இழையையும் அறுக்காமல், அதன் மேலேயே நின்று செய்த வேலை இது.


மாலைத்தும்பி:

பைக் விஷயத்துல மறுபேச்சு இல்லை. அந்த எபிசோட் முடிஞ்சப்ப நான் அழுதேன்.

ஆனா எல்லாரும் ஒண்ணைத் தொடாம சுத்தி வர்றீங்க. என்டர்பிரைஸோட கடைசி எபிசோட். தொடர்ச்சின்னு பாத்தா அதுல குறையே சொல்ல முடியாது. கூட்டமைப்பு பிறந்த வருஷம் 2161னு 1992-லயே சொல்லியாச்சு, அதே 2161. பிக்கார்ட் கலத்து ரைக்கரும் ட்ராயும் வர்ற காட்சி 1994-ல வந்த 'தி பெகாசஸ்' கதைக்குள்ள போய் உக்காருது. ஆனா நாலு வருஷம் கூடவே பயணம் பண்ணின ஆர்ச்சரும் டிபோலும் டிரிப்பும், யாரோ ஒருத்தர் தன் மனக்குழப்பம் தீர, நிஜம் மாதிரி காட்சி காட்டற ஹோலோடெக் அறையில ஓட்டிப் பாக்கற பொம்மைங்களா ஆயிட்டாங்க. டிரிப் சாகறார். எதுக்கு? கலத்துல ஏறின நாலு பேரைத் திசைதிருப்ப. அதைவிடப் பெரிய ஆபத்துலயெல்லாம் பிழைச்சவர் அவர். சரி, ஆர்ச்சர் கூட்டமைப்பு விழாவுல பேசறதையாவது கேப்போம்னு காத்திருந்தா, அவர் மேடைக்குப் போறப்பவே ரைக்கர் நிறுத்திட்டுப் போயிடறார். இருபது வருஷம் ஆச்சு, இன்னும் ஆறலை எனக்கு.

2155-லேருந்து 2161-க்கு ஒரே தாவு. ரோமுலன் போர் நடந்திருக்க வேண்டிய காலம் அந்த ஆறு வருஷம்தான். எதை நோக்கி இந்த முன்கதை நடந்துச்சோ அதையே தாண்டிட்டாங்க.


கல்வெட்டு:

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன் மாலைத்தும்பி. நான் 'டெரா பிரைம்' எபிசோடோடு நிறுத்திவிடுவேன். அதற்கு முந்தைய 'டீமன்ஸ்', பிறகு அது, அவ்வளவுதான் தொடர். வேற்றுக்கிரகத்தார் பூமியில் இருக்கவே கூடாது என்று கிளம்பும் மனிதக் கூட்டம்தான் அதில் எதிரி. கூட்டமைப்பு உருவாக வேண்டுமென்றால் முதலில் மனிதன் தனக்குள் இருப்பதை வெல்ல வேண்டும். கதையின் இறுதி அங்கேயே வந்துவிடுகிறது.

ஸிண்டி என்ற இனம் பூமியைத் தாக்கியதில் 70 லட்சம் பேர் இறந்தார்களே, கெர்க் காலத்தில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசுவதில்லையே என்பது எனக்கிருந்த பெரிய குறை. இப்போதும் இருக்கிறது.


நெடும்பயணி:

கல்வெட்டு, அந்தக் குறைக்குப் பதில் நீங்கள் நிறுத்துகிற அந்த எபிசோடிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்காகவே இன்று காலை கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

டிரிப், டிபோல் இருவரின் மரபணுவையும் திருடி அந்தக் கூட்டம் ஒரு குழந்தையை உருவாக்கியிருக்கிறது. மனிதனும் வல்கனும் கலந்த முதல் குழந்தை. அதற்கு எலிசபெத் என்று பெயர் வைக்கிறார்கள். அது டிரிப்பின் தங்கை பெயர். ஸிண்டி தாக்குதலில் இறந்த அந்த 70 லட்சம் பேரில் ஒருத்தி. குழந்தை பிழைக்கவில்லை. டிபோல் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். டிரிப் வந்து, ஃபிளாக்ஸ் சொன்னதைச் சொல்கிறார்: குழந்தையை உருவாக்கிய முறையில்தான் கோளாறு, இரண்டு மரபணுவும் சேர்ந்ததில் இல்லை. ஒரு மனிதனும் ஒரு வல்கனும் குழந்தை பெற விரும்பினால் அது நல்லபடியாகவே இருக்கும். சொல்லும்போதே குரல் உடைந்துவிடுகிறது. டிபோல் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஸ்பாக்கின் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை.


பழைய கலம்:

அந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை. மூன்றாம் சீசனோடு விட்டுவிட்டேன். இன்று இரவு 'தி ஃபோர்ஜ்' எபிசோடிலிருந்து ஆரம்பிக்கிறேன்.